கோணல் ஏரி

ஏரி கோணலாக இருக்கிறது என்று சொன்ன மனிதர் இந்த உலகத்திலேயே என் பெரியப்பா ஒருவராகத்தான் இருக்க வேண்டும். அதையும் வீட்டுக்குள் உட்கார்ந்து சொல்லவில்லை. இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு, கையில் தூக்குக்குண்டு நூலைப் பிடித்துக்கொண்டு, கரையில் எங்கள் தெருவே கூடி நிற்கும்போது சொன்னார். அப்பாவும் மாமாவும் அதற்குத் தலையை வேறு ஆட்டினார்கள். அடுத்த கால் மணி நேரத்தில் படகு கவிழ்ந்தது, நான் தண்ணீரில் விழுந்தேன், பழியும் என் தலையில் விழுந்தது. இத்தனை வருடம் கழித்தும் அதை நினைத்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

எனக்கு அப்போது பதின்மூன்று வயது. கள்ளிக்குப்பத்தில் பெரியப்பா வீடும் எங்கள் வீடும் ஒரே சுற்றுச்சுவருக்குள் முன்னும் பின்னுமாக இருந்தன. அடுத்தவர் வயலில் நாற்று நட்டு வாழ்ந்த குடும்பம் எங்களுடையது. வயல்கள் மனைகளானபோது பெரியப்பா கரண்டியைப் பிடித்து மேஸ்திரி ஆனார், அப்பா தொழிற்பேட்டை எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் ஃபிட்டர் ஆனார். எங்கள் வீட்டைக் கட்டியதும் பெரியப்பாதான். அஸ்திவாரத்தில் கொட்டிய மண்ணிலிருந்து வாசல் சிமெண்டுத் தளம் வரைக்கும் அவர் கைபடாத இடம் கிடையாது. நூலில் தொங்கும் அந்தப் பித்தளைக் குண்டை எடுத்துக்கொண்டு அவர் ஒரு சுவர் முன்னால் போய் நின்றால், சுவரே கொஞ்சம் நிமிர்ந்துகொள்ளும் என்று ஏரியாவில் பேச்சு. முகப்பேரில் ஃபிளாட் வாங்கப் போகிறவர்கள்கூட அவரை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்ச் சுவரைக் காட்டுவார்கள். அந்தப் பெருமை அவருக்குக் கொஞ்சம் அதிகமாகவே இருந்தது.

நான் வயசுக்கு வந்தேன். உடனே என்னை ஒரு வார்த்தை கேட்காமல் வீட்டில் பல காரியங்கள் நடக்க ஆரம்பித்தன. முதல் காரியம் பேனர். தெருமுனையில் பத்தடி அகலத்துக்கு என் முகம். தலையில் எந்த ராணியிடமிருந்தோ எடுத்து ஒட்டிய கிரீடம். கீழே அழைப்பவர்கள் என்று சித்தப்பா மாமா வகையறா எல்லோருடைய படமும் கைகூப்பிக்கொண்டு. என் உடம்பில் நடந்த சங்கதி பஸ் ஸ்டாப்பில் நிற்கும் எட்டாம் வகுப்புப் பையன்களுக்கெல்லாம் தெரிந்துவிட்டது. அழுதேன், கத்தினேன், அவிழ்க்கச் சொல்லிச் சாப்பிடாமல் கிடந்தேன். "எல்லாப் பொண்ணுக்கும் வெக்கிறதுதானடி" என்று அம்மா முடித்துவிட்டாள்.

என்னைக் கேட்ட ஒரே ஆள் மாமா, அம்மாவின் தம்பி. குட்டி யானை என்கிற சின்ன லோடு வண்டி ஓட்டிக்கொண்டிருந்தார். விசேஷத்துக்குத் தாய்மாமன் சீர் கொண்டுவர வேண்டும் அல்லவா? அதற்காக வந்து வாசலிலேயே குந்திக்கொண்டு, "இன்னா வோணும் சொல்லு கண்ணு. மாமன் சீரு. இல்லன்னு சொல்ல மாட்டேன்" என்றார். நான் யோசிக்கவே இல்லை. படகு என்றேன்.

காரணம் உண்டு. பள்ளி லீவில் மாமாவோடு வண்டியில் ஏறி ஒரு முறை துறைமுகம் பக்கம் லோடு இறக்கப் போயிருந்தேன். அங்கே என் வயசுப் பிள்ளைகள் தனித்தனியாக ஆளுக்கொரு சின்னப் படகில் பாய் விரித்துக்கொண்டு போனதைப் பார்த்தேன். மோட்டார் இல்லை, துடுப்பு இல்லை, கூட ஒரு பெரிய மனுஷர் இல்லை. ஒரு பெண் கயிற்றைக் கையில் பிடித்துக்கொண்டு பின்பக்கமாகச் சாய்ந்தாள், படகு அவள் சொன்ன பக்கம் திரும்பியது. அன்றிலிருந்து அம்மாவின் போனில் பாய்மரப் படகு வீடியோக்களைத் தவிர நான் வேறெதையும் பார்க்கவில்லை.

விசேஷத்தன்று சீர் வந்தது. பழத்தட்டு, வளையல் தட்டு, பட்டு, ஜாங்கிரி, சாக்லேட்டை அடுக்கிச் செய்த மயில் என்று பெண்கள் வரிசையாக ஏந்தி வந்தார்கள். அதற்குப் பின்னால் மாமாவின் வண்டி, வண்டியின் மேல் சீரியல் லைட் சுற்றிய ஒரு படகு. அந்தத் துறைமுகத்து ஆட்கள் பழசாகிவிட்டது என்று ஒதுக்கிப் போட்டிருந்ததைக் கேட்டு வாங்கி வந்திருந்தார். பேண்டு வாத்தியக்காரர்கள் ஒரு நிமிடம் அடிப்பதை நிறுத்திவிட்டார்கள். அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். பெரியப்பா படகைப் பார்த்தார், மாமாவைப் பார்த்தார், "வெக்க எடம் பாருங்கப்பா" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

வேறென்ன சொல்ல முடியும்? தாய்மாமன் சீரை வேண்டாம் என்று சொல்லுகிற வழக்கமே எங்கள் பக்கம் கிடையாது. சொன்னால் அது பெண் கொடுத்த வீட்டையே வாசலில் நிறுத்தி அவமானப்படுத்தியதாக ஆகும். பெரியப்பாவுக்கு அது நன்றாகவே தெரியும். அவருடைய மகனுக்குக் காது குத்தியபோது பெரியம்மாவின் தம்பி கொண்டுவந்த சீரைப் பார்த்து ஏதோ ஒரு வார்த்தை விட்டார். அந்தத் தம்பி மாலையைக் கழற்றி வைத்துவிட்டுப் போனவர்தான். அதற்கப்புறம் அவர் எங்கள் படி ஏறவே இல்லை.

ஆக, படகு எனக்கு வந்துவிட்டது. வாசல் சிமெண்டுத் தளத்தில், கேட்டுக்கு இணையாக, இரண்டு பழைய டயர்களின் மேல் அதை வைத்தார்கள். வெயில் படாமல் மூட என்ன செய்வது என்று பார்த்து, தெருமுனையிலிருந்து பேனரை அவிழ்த்துக்கொண்டு வந்து போர்த்தினார்கள். நான் பட்டினி கிடந்தபோது அவிழாத பேனர் படகுக்காக அவிழ்ந்தது. பாயில் ஒரு பெரிய கிழிசல் இருந்தது. அதற்கும் பேனரிலிருந்தே ஒரு துண்டை வெட்டி ஒட்டுப் போட்டாள் அம்மா. விரித்துப் பார்த்தால் பாயின் நடுவில் என் கிரீடமும் ஒரு கண்ணும்.

அம்மா ஒரு கட்டளை போட்டாள். ஒரே ஒரு தடவை ஏரியில் விட்டுப் பார்க்கலாம், ஒழுங்காகப் போனால் வைத்துக்கொள்ளலாம், போகாவிட்டால் பழைய இரும்போடு காயலான் கடை. எனக்கு இருந்தது அந்த ஒரு தடவைதான். அதனால்தான் பாய்மரம் ஒழுங்காக நிற்பது எனக்கு உயிர்ப் பிரச்சினையாக இருந்தது.

பாய்மரம் என்றால் அலுமினியக் குழாய். அதைப் படகின் நடுவில் ஒரு குழியில் நிறுத்தி, உச்சியிலிருந்து மூன்று கம்பிகளை இறக்கி இழுத்துக் கட்ட வேண்டும். ஒன்று முன் மூக்குக்கு, ஒன்று இடது விளிம்புக்கு, ஒன்று வலது விளிம்புக்கு. கம்பியின் அடியில் ஒரு திருகி இருக்கும், அதைத் திருகினால் கம்பி இறுகும். இந்தத் திருகியைப் பார்த்ததும் அப்பாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. கம்பெனியில் தினமும் பார்க்கிற சாமான். ஸ்பேனரை எடுத்துக்கொண்டு வந்து, மரையில் கிரீஸ் தடவி, இரண்டு பக்கமும் மாறி மாறித் திருகினார். பிறகு கம்பியை விரலால் சுண்டி, காதை வைத்துக் கேட்டார். இரண்டும் ஒரே சத்தம் வந்தால் சரி என்றார். அது உண்மையிலேயே சரியான முறைதான், வீடியோவிலும் அப்படித்தான் சொன்னார்கள். அப்பா மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை.

அப்புறம் பெரியப்பா தூக்குக்குண்டோடு வந்தார்.

அவர் ஒரு ஸ்டூல் மேல் ஏறி, நூலை மரத்தின் மேலே பிடித்து, குண்டைக் கீழே விட்டு, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். "கேட்டுப் பக்கம் சாஞ்சிகினு கீதுப்பா. அந்தாண்ட இஸ்து வுடு" என்றார். அப்பா இடப்பக்கக் கம்பியை இறுக்கினார், வலப்பக்கக் கம்பியைத் தளர்த்தினார். குண்டு அசையாமல் மரத்தை ஒட்டி நின்றது. "இப்போ பாரு" என்று பெரியப்பா கையைத் தட்டிக்கொண்டு இறங்கினார். "மேஸ்திரி மாமா வெச்சா கோயில் கொடிமரம் மாரிதான்" என்று மாமா சொன்னார்.

நான் படகுக்குள் ஏறி உட்கார்ந்து மேலே பார்த்தேன். மரத்தின் உச்சி இடது பக்கமாகப் போயிருந்தது. எனக்குக் கண் சரியாகத்தான் தெரியும். வீடியோவில் ஒரு வழி சொல்லியிருந்தார்கள். பாயை மேலே ஏற்றுகிற கயிறு மரத்தின் உச்சியில் ஒரு கப்பி வழியாகப் போகும். அந்தக் கயிற்றில் ஒரு அளவுக் கயிற்றைக் கட்டி உச்சிக்கு ஏற்றி, அதன் நுனியை ஒரு விளிம்புக்கும் மறு விளிம்புக்கும் கொண்டுவந்து பார்க்க வேண்டும். இரண்டு பக்கமும் ஒரே இடத்தில் தொட்டால் மரம் நடுவில் நிற்கிறது. துணி காயப்போடும் நைலான் கயிற்றை அவிழ்த்து அப்படியே செய்தேன். இடது விளிம்பில் தொட்டது. வலது விளிம்பில் நாலு விரல் அகலத்துக்கு எட்டவில்லை.

விஷயம் இவ்வளவுதான். வாசல் தளம் சரிவாக இருந்தது. மழைத் தண்ணீர் தெருவுக்கு ஓட வேண்டும் என்று எல்லா வீட்டிலும் வாசலைக் கேட்டுப் பக்கம் தாழ்வாகத்தான் போடுவார்கள். படகின் வலப்பக்கம் கேட்டைப் பார்த்து இருந்தது, அதனால் படகே வலப்பக்கம் சாய்ந்து நின்றது. சாய்ந்து நிற்கிற படகில் மரத்தைச் செங்குத்தாக, நட்டமாக நிறுத்தினால், தண்ணீரில் படகு நேராகும்போது மரம் கோணலாகும். பதின்மூன்று வயசுப் பெண்ணுக்குப் புரிந்தது இது. மூன்று ஆண்களுக்குப் புரியவில்லை.

"பெரிப்பா, மரம் சாயல. படகுதான் சாஞ்சி நிக்குது. கேட்டுப் பக்கம் அடியில ஒரு செங்கல் வெச்சா சரியாப் பூடும்" என்றேன்.

"செங்கல்லு ஊடு கட்றதுக்கு. தூக்குக்குண்டு பொய் சொல்லுமா? போ, போய்ப் படி" என்றார்.

வாசலில் இருநூறு செங்கல் அடுக்கியிருந்தது. எல்லாம் அவருடையவை. அதில் ஒன்றை எனக்குத் தர அவருக்கு மனசு வரவில்லை. நான் மாமாவிடம் போய்ச் சொன்னேன். மேஸ்திரிக்குத் தெரியாததா என்றார். அப்பாவிடம் சொன்னேன். இரண்டு கம்பியும் ஒரே சத்தம் வருகிறதே என்றார். அது வரத்தான் செய்யும், கோணலாக இருந்தாலும் வரும் என்று நான் கத்தினேன். பெண் பிள்ளை இப்படிக் கத்தக் கூடாது, நீ இப்போது பெரிய மனுஷி என்று அம்மா உள்ளிருந்து குரல் கொடுத்தாள். என் பேச்சைக் கேட்கச் சொன்னால் நான் சின்னப் பெண், கத்தினால் நான் பெரிய மனுஷி.

மதியம் பெரியப்பா வேலைக்குப் போய், மற்றவர்கள் சாப்பிட்டுவிட்டுப் படுத்த பிறகு நானே ஸ்பேனரை எடுத்தேன். இடப்பக்கத் திருகியைத் தளர்த்தி, வலப்பக்கத்தை இறுக்கி, நைலான் கயிறு இரண்டு விளிம்பிலும் ஒரே இடத்தில் தொடும்வரை விடவில்லை. கம்பிகளைச் சுண்டிச் சத்தமும் பார்த்தேன். சாயங்காலம் பெரியப்பா வேலையிலிருந்து வந்தார். கை கால் கூடக் கழுவாமல் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டார். மரத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு எல்லாவற்றையும் பழையபடி மாற்றிவிட்டார்.

மறுநாள் நான் மறுபடியும் சரி செய்தேன். சாயங்காலம் அவர் மறுபடியும் கெடுத்தார். பரீட்சைக்கு இப்படி ஒரு பிடிவாதத்தோடு நான் படித்ததில்லை. மரம் தானாகவே அசைகிறது என்று மாமா முடிவு கட்டிவிட்டார். தெருவில் எல்லோரும் படகையே பார்த்துக் கண் வைக்கிறார்கள் என்று சொல்லி, தன் வண்டி பம்பரில் கட்டியிருக்கிற மாதிரி எலுமிச்சம்பழமும் பச்சை மிளகாயும் கோத்துப் படகின் மூக்கில் கட்டினார். அப்பா திருகிகளில்தான் கோளாறு என்று புதிதாக மாற்றினார். பெரியப்பா மட்டும் யாரையும் சந்தேகப்படவில்லை, யாரையும் திட்டவும் இல்லை. தினமும் வந்து, பார்த்து, கலைத்துவிட்டுப் போனார்.

ஏரிக்குப் போன ஞாயிற்றுக்கிழமையும் காலையில் எழுந்ததும் ஸ்பேனரோடு வாசலுக்குப் போனேன். பெரியப்பா படகுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். வண்டியில் படகை ஏற்றும்வரை அவர் அந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. கம்பி எவ்வளவு நீளத்துக்கு நிற்க வேண்டும் என்று ஒவ்வொரு திருகியிலும் பெயிண்டால் கோடு வேறு போட்டுவிட்டார், மரத்தை இறக்கி மறுபடி ஏற்றும்போது மாறிவிடக் கூடாதாம்.

ஏரியில் அந்த வருடம் நல்ல தண்ணீர். எங்கள் தெருவில் பாதி எங்களுக்கு முன்னாலேயே கரையில் வந்து நின்றது. அம்மாவும் வந்திருந்தாள். கையில் ஒரு துண்டும் எனக்கு மாற்றுடையும் வைத்திருந்ததைப் பார்த்து எனக்குக் கோபம் வந்தது. படகைத் தண்ணீரில் வைப்பதற்கு முன்னாலேயே நான் நனைந்துவிடுவேன் என்று முடிவு செய்துவிட்டாளா? பெரியப்பா தன் போனையும் கண்ணாடியையும் அவளிடம் கொடுத்துவிட்டு, லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, எல்லோருக்கும் முன்னால் தண்ணீரில் இறங்கினார். என் இடுப்பில் ஒரு ஸ்கூட்டர் டியூபைக் காற்றடித்து மாட்டிவிட்டதும் அவர்தான். பேனரில் கிரீடம், ஏரியில் டியூப். அந்த வயசில் ஒரு பெண்ணுக்கு எத்தனை அவமானம்தான் வரும்?

படகைத் தண்ணீரில் விட்டார்கள். மரத்தை ஏற்றி, பெயிண்டு கோட்டில் திருகிகளை நிறுத்தினார்கள். நான் சொன்னபடியே ஆனது. படகு மட்டமாக மிதந்தது, மரம் இடது பக்கமாக, ஏரி பார்த்துச் சாய்ந்து நின்றது. கரையில் ஒரு குழந்தைக்குக்கூடத் தெரிந்தது. எனக்குள் ஒரு சந்தோஷம். இப்போதாவது என்னைக் கேட்பார்கள் என்று நினைத்தேன்.

பெரியப்பா தூக்குக்குண்டை எடுத்தார். நூல் மரத்தை விட்டு ஒரு சாண் தள்ளித் தொங்கியது. ஒரு கண்ணை மூடிக்கொண்டு அதைப் பார்த்தார்.

"நூலு சரியாத்தான் கீது" என்றார். "ஏரிதான் கோணலா கீது."

கரையிலிருந்து யாரோ, "அப்போ ஏரியப் பூசி மட்டம் பண்ணு மேஸ்திரி!" என்று கத்தினார்கள். சிரிப்பு கரை முழுக்கப் பரவியது. பெரியப்பா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எனக்குத்தான் காது மடல் சுட்டது.

"பாப்பாவ கரைப் பக்கமா குந்த வை. வெயிட்டு ஏறினா மரம் நட்டமா நிக்கும்" என்று மாமாவிடம் சொன்னார்.

நான் குதித்தேன். காற்று ஏரியிலிருந்து கரைக்கு அடித்துக்கொண்டிருந்தது. பாய்மரப் படகில் காற்று எந்தப் பக்கத்திலிருந்து வருகிறதோ அந்தப் பக்கம்தான் உட்கார வேண்டும், அப்போதுதான் காற்று படகைச் சாய்க்காமல் நம் எடை பிடித்துக்கொள்ளும். அதோடு பாயின் கயிற்றைக் கையில் பிடித்திருக்க வேண்டும், காற்று கூடினால் உடனே விட்டுவிட வேண்டும். மாமா அந்தக் கயிற்றை லோடு கட்டுகிற முடிச்சுப் போட்டு இறுக்கிக் கட்டிவிட்டிருந்தார். "மாமா, கயித்த அவுத்து வுடு! நான் ஏரிப் பக்கம்தான் குந்தணும்!" என்று கத்தினேன்.

"பெரியவங்க சொன்னா கேளு" என்றார் அப்பா கரையிலிருந்து.

அப்படித்தான் என் படகில் நான் மூட்டையானேன். துறைமுகத்தில் அந்தப் பெண் கயிற்றைப் பிடித்துச் சாய்ந்தாளே, அதைப் பார்த்துத்தான் நான் படகு கேட்டேன். எனக்குக் கயிறும் இல்லை, சுக்கானும் இல்லை. மரத்தை நட்டமாக்க ஒரு எடை, அவ்வளவுதான். மாமா பின்னால் சுக்கானைப் பிடித்தார். பெரியப்பா கரைப் பக்கமாக, என் பக்கமாக, படகின் விளிம்பை விடாமல் பிடித்துக்கொண்டு தண்ணீரில் கூடவே நடந்தார். பாய் ஏறியது. என் கிரீடம் காற்றில் உப்பியது. ஒரு பத்துப் பதினைந்தடி உண்மையாகவே போனோம். படகின் அடியில் தண்ணீர் சலசலத்தது. அந்தச் சத்தம் இன்னும் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

அப்புறம் ஏரியிலிருந்து ஒரு காற்று வந்தது. பெரிய காற்றுகூட இல்லை. கட்டிப்போட்ட பாய் அதை அப்படியே வாங்கிக்கொண்டது, என் எடையும் அதே பக்கம் இருந்தது, படகு கரைப் பக்கமாகப் படுத்துவிட்டது. நான் விழுந்த இடத்தில் பெரியப்பாவின் கை இருந்தது. தலை முழுகுவதற்குள் என்னைத் தூக்கிவிட்டார். மாமா எழுந்து நின்றபோது தண்ணீர் அவர் இடுப்புக்குத்தான் இருந்தது. மரத்தின் உச்சி சேற்றில் குத்தி, படகின் கனத்தில் குழாய் நடுவில் மடங்கிவிட்டது.

கரைக்கு வந்ததும் அப்பா என்னிடம் சொன்ன முதல் வார்த்தை, "ஆடாம குந்துன்னு சொன்னாங்கல்ல?" என்பதுதான். நான் ஆடவே இல்லை! அழுகையும் இருமலும் சேர்ந்து வந்ததில் அதைச் சொல்லவும் முடியவில்லை. அம்மா துண்டால் என்னைச் சுற்றி இறுக்கிக்கொண்டாள். பெரியப்பா மாமாவின் தோளில் கைபோட்டு, "எம்மேலதான் தப்பு மச்சான். ஏரிய மட்டம் பாக்காம வுட்டுட்டேன். உன் சீருல ஒரு கொறையும் இல்ல" என்றார். மாமா அழுதுவிட்டார். அடுத்த வாரம் மாமாவே வந்து மடங்கிய மரத்தையும் படகையும் காயலான் கடைக்கு ஏற்றிக்கொண்டு போனார். அதற்குப் பதிலாக எனக்கு ஒரு சைக்கிள் வந்தது. எல்லோரும் நிம்மதியாக இருந்தார்கள். என்னைத் தவிர.

பெரியப்பாவுக்கும் கொஞ்சம் கிடைத்தது. தெருப் பையன்கள் அவரைப் பார்க்கும்போதெல்லாம், "இன்னா மேஸ்திரி, ஏரி நேராச்சா?" என்பார்கள். கோணல் ஏரி மேஸ்திரி என்ற பெயரே நிலைத்துவிட்டது. முகப்பேரிலிருந்து வண்டியோடு வருகிறவர்களும் மெல்லக் குறைந்தார்கள். அவர் எதற்கும் பதில் சொன்னதில்லை. வேண்டும், நன்றாக வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். குடும்பத்தில் எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் நான் இந்தக் கதையைச் சொல்வேன். ஒரு செங்கல் வைத்திருந்தால் தீர்ந்திருக்கும் என்று முடிப்பேன். அவர் அடுத்த பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருப்பார்.

போன மாதம் எங்கள் தெருவுக்கு மறுபடி ரோடு போட்டார்கள். வழக்கம்போல் பழைய ரோட்டின் மேலேயே போட்டு உயர்த்திவிட்டதால், வாசல் தளத்தை உடைத்து ஏற்ற வேண்டியதாயிற்று. பெரியப்பாவுக்கு இப்போது கரண்டி பிடிக்க முடிவதில்லை. நாற்காலியில் உட்கார்ந்து ஆட்களிடம் வேலை வாங்கிக்கொண்டிருந்தார். நான் லேப்டாப்பை வைத்துக்கொண்டு கதவருகே ஆபீஸ் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். தளத்துக்கு வாட்டம் எந்தப் பக்கம் கொடுக்க வேண்டும் என்று ஒரு ஆள் கேட்டார். தண்ணீர் ஓடுவதற்கான சரிவைக் கொத்தனார்கள் அப்படித்தான் சொல்வார்கள்.

"முன்ன கேட்டுப் பக்கம் நல்லா எறக்கிக் குடுத்திருந்தேன்" என்றார் பெரியப்பா. "ஒரு கொடம் தண்ணிய ஊத்தி ஓடுதான்னு பாத்துட்டுத்தான் எய்ந்தேன். இம்மா வருசத்துல ஒரு சொட்டு நின்னிருக்குமா?"

நான் லேப்டாப்பை மூடினேன்.

"அப்போ படகு நின்ன எடம் சரிவுன்னு உங்களுக்குத் தெரியும்" என்றேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. "நான் போட்ட தளம் எனக்குத் தெரியாதா?"

நான் எழுந்தே விட்டேன். இத்தனை வருடக் கோபமும் ஒன்றாக வந்தது. வேண்டுமென்றேதான் செய்தீர்களா என்று கேட்டேன். ஆட்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

பெரியப்பா காலால் தரையைத் தட்டிக் காட்டினார். "இந்த ஊட்டுக்கு அடியில கீற மண்ணு எங்கேர்ந்து வந்துதுன்னு நெனச்சே? அந்த ஏரிதான். கரையோரம் இடுப்புத் தண்ணி. அந்தாண்ட நாலடி வெச்சா மண்ணு எடுத்த பள்ளம், ரெண்டு ஆளு முழுகும். லாரிய நிறுத்தி மண்ணு வாங்குனவன் நானு, எனக்குத் தெரியாதா?"

"வேணாம்னு சொல்லியிருக்கலாம்ல?"

"தாய்மாமன் சீர வேணாம்னு எவன் சொல்றது? ஒரு தபா வாயி வுட்டு உங்க பெரிம்மாவுக்குப் பொறந்த ஊடே இல்லாமப் பண்ணிட்டேன். உங்க ஆத்தாளுக்கும் பண்ணணுமா?"

என் கோபம் போகவில்லை. துண்டோடு நின்ற அம்மா, கழற்றிக் கொடுத்த போன், டியூப், படகு பள்ளத்துப் பக்கம் போகாமல் கரையோரமே கவிழும்படி என்னைக் கரைப் பக்கம் உட்கார வைத்தது எல்லாம் ஒவ்வொன்றாக வந்து அதனதன் இடத்தில் உட்கார்ந்தன. நான் வயசுக்கு வந்துவிட்டேன் என்று ஊருக்கே பேனர் கட்டியவர்கள், ஏரியில் பள்ளம் இருக்கிறது என்று என்னிடம் மட்டும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நானே மாமாவிடம் பேசியிருப்பேன். அதை இன்றைக்கும் மன்னிக்க எனக்கு மனசில்லை. அவரிடமே அதைச் சொன்னேன்.

கேட்டுக்கொண்டார். பிறகு, "நீ திருப்பி வெச்சதெல்லாம் ஒயுங்காத்தான் இருந்திச்சி" என்றார். "ஒவ்வொரு தபாவும். கை வராமத்தான் அத்த கலைச்சேன்."

ஆட்கள் சிமெண்டைக் கொட்டத் தொடங்கினார்கள். நான் சொன்னது சரியென்று அந்த ஏரிக்கரையில் ஒருவருக்குக்கூடத் தெரியவில்லை என்றுதான் இத்தனை காலம் பொருமிக்கொண்டிருந்தேன். தெரிந்த ஒருவர் இருந்திருக்கிறார். கரை முழுக்கச் சிரித்தபோது தண்ணீரில் நின்றுகொண்டு, ஏரி கோணல் என்று சொன்னவர் அவர்தான்.